ஒரே தண்ணீருக்கு இரண்டு மோட்டார்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துவிடுவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இரண்டு இடங்களுக்கு நான் மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, வடமதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக் கிணறு. இன்னொன்று, அந்தத் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கல்குவாரி. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்கிக் கொடுத்தேன். குவாரிக் குழியில் தண்ணீர் ஊற ஊற, அதை இறைத்து வெளியே கொட்ட மோட்டார் பூட்டிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே தண்ணீர் என்பது, தலைக்குள் ஏதாவது இருந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். எனக்கு வெகுகாலம் தெரியவில்லை. ஒரே இளநீருக்குள் இரண்டு குழலைப் போட்டு, ஒருவர் உறிஞ்ச உறிஞ்ச மற்றவருக்கு இன்னும் நீளமான குழலாக வாங்கிக் கொடுத்த ஆள் நான். அதற்கு இரண்டு பேரும் எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் என் கடை. உள்ளே நுழைந்தால் கருகிய வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறும். எனக்கு அதுதான் அத்தர். கடை வாசலிலிருந்து உள்சுவர் வரைக்கும் மோட்டார்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கிடப்பதைப் போல வரிசையாகக் கிடக்கும். செம்புக் காயில் எரிந்தது, பேரிங் போனது, தண்ணீர் இல்லாமல் காற்றைக் குடித்து மயங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி. ஊருக்குள் எனக்கு மோட்டார் பாய் என்று பெயர். என் தொழிலில் ஒரு கேவலமான உண்மை உண்டு. தண்ணீர் கீழே போகப் போகத்தான் எனக்குப் பிழைப்பு மேலே வரும். நல்ல மழை பெய்த வருடங்களில் ஊரே சிரிக்கும்போது, நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து செலவைக் குறைத்துக்கொள்வேன்.

அந்த மல்லிகைத் தோட்டத்துக்காரரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் தடவை அவர் கடைக்கு வந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்காரர் மொபெட் ஓட்ட, பின்னால் அக்கா, இருவருக்கும் நடுவில் சாக்கில் சுற்றிய மோட்டார், பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதைப் போல. இறக்கி வைத்ததும், "நாளன்னைக்கு வாங்கக்கா, ரெடியா இருக்கும்" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். எல்லாரும் போய்விடுவார்கள். அக்கா போகவில்லை. காலியான கேபிள் உருளை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க பாருங்க பாய், நான் இருக்கேன்" என்றார். மோட்டாரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் போவது, பசுமாட்டைச் சந்தையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி என்பது அவருடைய எண்ணம். திரும்பி வந்தால் மாடு இருக்கும், அதே மாடாக இருக்காது.

மடியில் ஒரு கூடைப் பூ. நான் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன், அவர் பூக்கட்ட ஆரம்பித்தார். செத்த நேரத்தில் அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. என் விரலும் அவர் விரலும் ஒரே வேகத்தில் சுழல, கடைக்குள் வார்னிஷ் வாசமும் மல்லிகை வாசமும் சண்டை போட்டன. நான் கம்பிச் சுற்றை முடிக்கும்போது அவர் மடியில் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது சரம். "உங்க கட்டு அவுந்துராதே பாய்?" என்று கேட்டார். அவுந்துராது என்று சத்தியம் செய்தேன். "என் கட்டு அவுந்தா பூவுதான் உதிரும். உங்க கட்டு அவுந்தா என் தோட்டமே போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதுதான் உண்மை. அந்த மல்லிகைச் செடிகளை அவரே பதியம் போட்டு, குடம் குடமாக ஊற்றி வளர்த்திருந்தார். தக்காளி என்றால் இந்தப் போகம் போனால் அடுத்த போகம். மல்லிகை அப்படி இல்லை. ஒரு கோடையில் வேர் காய்ந்துவிட்டால், மறுபடி அந்த அளவுக்குப் பூக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கிணறு நின்றால் அக்காவின் பிழைப்பு நின்றது என்று அர்த்தம்.

குவாரி வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஜல்லிக்குக் கல் உடைக்கிற குழி. முதலில் மேலாக வெட்டினார்கள், பிறகு ஆழமாகப் போனார்கள். மத்தியானம் வெடி வைத்தால் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். குழி ஆழமானதும் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கசிந்து தேங்க ஆரம்பித்தது. தண்ணீருக்குள் நின்று கல் உடைக்க முடியாதே. குவாரி மேனேஜர் என் கடையைத் தேடி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், பேச்சுக்குப் பேச்சு மரியாதை. "ஏனுங்க பாய், பெரிய மோட்டாரா ஒண்ணு பூட்டிக் குடுங்க. ராத்திரி பகலா ஓடோணும்" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மோட்டாரை நான் தொட்டதில்லை. அதை இறக்கிய அன்று குழியின் விளிம்பில் நின்று போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். குழாய் வாய் வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டு போய் ஓடையில் விழுந்தது. ஓடை தோட்டத்துக்கு எதிர்ப் பக்கமாகச் சரிந்து லாரிப் பாதையோரம் போய்ச் சேறானது. எவ்வளவு தண்ணீர் என்று பெருமையாகப் பார்த்தேனே தவிர, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் மோட்டார் அடிக்கடி வர ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்பு, பழைய டீக்கடைப் பாய்லரின் அடியைப் போல வெள்ளையாகப் படிந்திருந்தது. கிணற்றில் மேல்தண்ணீர் வடிந்து, அடியில் நெடுங்காலமாகக் கிடந்த உப்புத் தண்ணீர்தான் மிச்சம். மல்லிகை இலைகளின் நுனி கருகின. "பருப்பு வேக மாட்டேங்குது பாய். வெஞ்சனம் எதுவும் வாயில வெக்க முடியல. சோப்புப் போட்டா நொரையே வரல, என்னமோ கல்லத் தேய்க்கிற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. நான் பெரிய நிபுணனைப் போலத் தாடியைத் தடவிக்கொண்டு, "இன்னும் ரெண்டு பைப் எறக்குவோம்க்கா" என்றேன். இறக்கினோம். மறுபடி தண்ணீர் இறங்கியது. மறுபடி இறக்கினோம். கிணற்றுக்கும் எனக்கும் ஓட்டப்பந்தயம், ஒவ்வொரு தடவையும் கிணறே ஜெயித்தது.

அந்த நேரத்தில்தான் என் வாழ்க்கையின் பொற்காலம் வந்தது. அக்காவின் மோட்டாரை ஒருநாள் சரி செய்து, பிஸ்மில்லா சொல்லி இறக்கிவிட்டு வந்தேன். அடுத்தடுத்த நாட்களில் கிணற்றில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மழை இல்லை, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், சகுனம் பார்க்காமல் செருப்புக்கூடப் போடாத மனிதர். ஒரு மல்லிகை மாலையோடு கடைக்கு வந்து, நாலு பேர் பார்க்க என் கழுத்தில் போட்டார். "பாய் கை வச்சாரு, ஊத்துக்கண்ணு தொறந்துக்கிச்சு. கைராசின்னா இதுதேன்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. "எல்லாம் அவன் செயல்" என்று மேலே கையைக் காட்டினேன், ஆனால் காட்டிய விதத்தில் பாதி என் பக்கமும் திரும்பியிருந்தது.

செய்தி பரவியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுக் கொடுத்தேன். ரிப்பேர்கூட இல்லை, சும்மா தொடுவது. அங்கேயும் சில கிணறுகளில் தண்ணீர் ஏறியது. ஏறாத இடங்களில், தொடும்போது மனசு சரியில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். வீட்டில் போய் என் மகிமையைச் சொன்னபோது, என் வீட்டுக்காரி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அம்புட்டுக் கைராசின்னா நம்ம வீட்டுக் கொழாயில கொஞ்சம் கைய வைங்களேன். தண்ணி விட்டு வாரக்கணக்காச்சு." மகான்களுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

பிறகு தண்ணீர் மறுபடி இறங்கியது. கண் பட்டுவிட்டது என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நம்பினேன். என் கைமீது யாருக்கோ பொறாமை. கொஞ்ச காலம் கழித்து இன்னொரு தடவை ஏறியது. இந்தத் தடவை நான் புதிதாகப் போட்ட கிரீஸ்தான் காரணம் என்று முடிவு செய்தேன். அந்த கிரீஸ் டப்பாவை யாருக்கும் தெரியாமல் அலமாரியின் உள்பக்கம் எடுத்து வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் அக்கா ஒருநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்கு வந்தவர், என் வீட்டுக்குக் கொஞ்சம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கடைக்குள் எட்டிப் பார்த்தார். வழக்கம்போலக் கேபிள் உருளையில் உட்கார்ந்தார். எதிரே தரையில் குவாரி மோட்டார் மல்லாந்து கிடந்தது. அதன் வாயெல்லாம் சாம்பல் வெள்ளையில் கல்மாவு, மாவு அரைத்துவிட்டுக் கழுவாமல் வைத்த கிரைண்டர் மாதிரி.

"இது யாரு மோட்டாரு பாய்?"

"குவாரியோடதுக்கா. கல்லுமாவக் குடிச்சுக் குடிச்சு மறுபடி கருகிப்போச்சு. கோயம்புத்தூர்ல இருந்து கம்பி வரணும்."

"எப்ப வந்துச்சு?"

"சந்தைக்கு மறுநாளு."

அக்கா பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க கெணத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சதும் அந்தச் சந்தை முடிஞ்சுதேன்" என்றார். பிறகு, "போன தடவ நீங்க கைராசிக்காரரா இருந்தீங்களே, அப்ப இது எங்க கெடந்துச்சு?" என்று கேட்டார்.

ஊர் ஊராகப் போய் மோட்டார்களை ஆசீர்வதித்த அதே கையைத் தூக்கி, அவர் காலடியில் இருந்த இடத்தைக் காட்டினேன். "இங்கதேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ராசி என் கைக்கு இல்லை. குவாரி மோட்டார் வேலை செய்யாமல் என் கடையில் படுத்துக் கிடந்ததுதான் ராசி. அது படுத்தால் கிணறு எழுந்திருக்கிறது. நான் அதை எழுப்பிவிட்டால் கிணறு படுத்துக்கொள்கிறது. இரண்டு மோட்டாரையும் கையில் வைத்திருந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். எனக்குத்தான் தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பல்விளக்கத் தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தேன். கிணற்றுக்குள் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். நல்லவேளை, கடையில் கிணறு இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"இது எப்ப ரெடியாகும்?"

"நாளைக்குக் குடுத்துடறேன்னு சொல்லியிருக்கேன்க்கா."

"அவசரமில்ல. நல்லாப் பாத்துக் குடுங்க."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த நாள் முதல் நான் திண்டுக்கல்லிலேயே மெதுவான மெக்கானிக் ஆனேன். மேனேஜர் போன் செய்தால் கம்பி வரவில்லை என்றேன். கம்பி வந்ததும் வார்னிஷ் காயவில்லை என்றேன். "வெயிலு மண்டையப் பொளக்குதுங்களே பாய், இன்னுங் காயலீங்களா?" என்றார் அவர். இது உள்வெயிலில் காய வேண்டிய வார்னிஷ் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் நோன்பு என்றேன். "நோம்பு முடிஞ்சு பிரியாணியே சாப்ட்டமுங்களே?" என்றார். "அது பெரிய நோன்பு சார். அதுக்கப்புறம் ஆறு நோன்பு இருக்கு" என்றேன். அதுவும் தீர்ந்தது. எனக்குத் தெரிந்த பண்டிகைகள் எல்லாம் தீர்ந்து, தெரியாத பண்டிகைகளுக்குள் நான் கால் வைக்கப் போகும்போது, மனிதர் பொறுமை இழந்து, "மாட்டு வைத்தியருகூட இத்தன நாளு எடுக்க மாட்டாருங்க. நாளைக்கு வண்டி அனுப்பறனுங்க, மோட்டாரைத் தூக்கி மதுரைக்குக் கொண்டு போறமுங்க" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு உடனே போன் செய்தேன். இதற்குள் அங்கே மல்லிகை புதுத் துளிர் விட்டிருந்தது. மோட்டார் மதுரைக்குப் போனால் நல்ல மெக்கானிக் கையில் சிக்கும், ஒரே நாளில் ஓட ஆரம்பித்துவிடும், கோடை வேறு முற்றிக்கொண்டு வருகிறது, செடிகள் தாங்காது. அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க வாங்க பாய். ரெண்டு பேரும் போய்ப் பேசிப் பாப்போம்" என்றார்.

அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அக்கா அந்தக் குழியை அன்றுதான் முதன்முதலாக எட்டிப் பார்த்தார். ஒரு தெருவையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு ஆழம். அடியில் இறைக்காத தண்ணீர் தேங்கி நின்றது. கரும்பாறைச் சுவர்களில் ஆங்காங்கே ஈரம் கோடு போட்டிருந்தது. அவருடைய தோட்டத்தைப் பார்த்திருந்த சுவர் மட்டும் மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை அழுதுகொண்டிருந்தது. வெடிப்பிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர். காணாமல் போன தன் மாடு அடுத்த ஊர்த் தொழுவத்தில் நின்று புல் தின்பதைப் பார்த்தவரைப் போல அக்கா நின்றார். "நம்ம ஊத்து பாய்" என்றார், ரொம்ப மெதுவாக. அவ்வளவு நேரமும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தவன் நான். அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மேனேஜர் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பூமிக்குள்ள ஓடற தண்ணிக்கு யாருங்க பட்டா குடுத்தது? உங்க தண்ணி எது, எங்க தண்ணி எதுன்னு எப்படிங்க பிரிக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான். நான் கைராசிக் கதை முழுவதையும், மாலை உட்பட, வெட்கத்தை விட்டுச் சொன்னேன். கிரீஸ் டப்பா வரைக்கும் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது. மோட்டார் என்றைக்கு எரிந்தது, என்றைக்குப் போனது என்பது அவருக்கும் தெரியுமே. "எங்க அய்யன் கெணறும் இப்படித்தானுங்க போச்சு. அங்க குவாரி இல்லீங்க, சுத்தீலும் போர் போட்டாங்க" என்றார்.

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "குவாரிய மூடச் சொல்ல வரல சார். சொன்னா நீங்க மூடவும் மாட்டீங்க. எறைக்கிற தண்ணிய எங்க விடுறீங்க?"

"ஓடையிலதானுங்க."

"ஓட எங்க போகுது?"

மேனேஜர் லாரிப் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மோட்டார் எரிவதற்கு முந்தைய வாரம்தான் அவருடைய கல் லாரி ஒன்று அதே ஓடைச் சேற்றில் அச்சுவரை புதைந்து, அதை இழுக்க வந்த டிராக்டரும் கூடச் சேர்ந்து புதைந்திருந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது.

"அந்தக் கொழாயத் திருப்பி மேட்டுல இருக்கிற எங்க கொளத்துல விடுங்க. கொளத்துல நின்னா கெணத்துல ஊறும். நீங்க கல்ல வெட்டுங்க, நாங்க பூவப் பறிக்கிறோம்."

"ஊறுன தண்ணி மறுக்கா எங்க குழிக்கே வந்துருமுங்களே?"

"வரட்டும். மறுக்கா எறைச்சு விடுங்க. பாய்க்கும் வேல இருக்கும்ல."

மேனேஜர் முதலாளியிடம் போனில் ரொம்ப நேரம் பேசினார். லாரிப் பாதை நாசமாவது முதலாளிக்கும் தலைவலியாக இருந்திருக்கிறது. கடைசியில் சரி என்றார்கள். குழாய் குவாரிக்காரர்கள் பொறுப்பு, பள்ளம் தோண்டுவது ஊர்க்காரர்கள் பொறுப்பு, மோட்டாரை மேட்டுக்குத் தள்ளுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. வண்டி மதுரைக்குப் போகவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எந்த மோட்டாரையும் சுற்றியதில்லை. வார்னிஷ் ஒரே நாளில் காய்ந்ததைப் பார்த்து மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திறப்பு நாள் ஒரு திருவிழா. குளத்துக் கரையில் ஊர் மொத்தமும் கூடியிருந்தது. அண்ணன் தேங்காய் உடைத்து, சுவிட்சுக்குப் பூ வைத்து, என்னையே போடச் சொன்னார். நான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தலைவர்கள் ரிப்பன் வெட்டுகிற தோரணையில் சுவிட்சைப் போட்டேன். தூரத்தில் மோட்டார் உறுமியது. எல்லாரும் குழாய் வாயையே பார்த்தோம். கொஞ்சம் காற்று வந்தது. கொஞ்சம் இருமல் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது, சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போகிற அளவுக்கு. "பாய் கைராசி போயிருச்சோ?" என்று அண்ணன் கவலையோடு கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் ஓடுகிறது, தலைகீழாக ஓடுகிறது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியை நோக்கி ஓடினேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "மெதுவாப் போங்க பாய். நீங்க ஒழுங்காப் பாக்காத அன்னைக்கெல்லாம்தேன் எங்க கெணறு நெறையும்." கரை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் கம்பியை மாற்றிவிட்டேன். இந்தத் தடவை குழாய் ஒரு குலுங்கு குலுங்கி, தண்ணீர் யானை தும்மியதைப் போல வெளியே வந்து விழுந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு எருமை இறங்கியது. மேனேஜர் வேட்டி நனைந்தது. அவர் நகரவில்லை.

எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குழித் தண்ணீர் கல்மாவோடு பால் மாதிரி வந்தது. அந்த மாவு குளத்தின் அடியில் சிமெண்டு பூசினாற்போலப் படிந்தது. தண்ணீர் நின்றதே தவிர, கீழே இறங்கவில்லை. குளம் நிறைந்திருக்க, கிணறு காய்ந்திருக்க, கொஞ்ச நாள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம். பிறகு கரைக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டி, மாவு அதிலே படிந்து தெளிந்த தண்ணீர் மட்டும் குளத்துக்குப் போகிற மாதிரி செய்தோம், குளத்தின் அடியையும் சுரண்டிவிட்டோம். பள்ளத்தில் படிந்த மாவை அள்ளிக்கொண்டு போய்ப் பெண்கள் பாத்திரம் துலக்கினார்கள். அந்தப் பக்கத்துப் பாத்திரங்கள் அவ்வளவு பளபளப்பாக அதற்கு முன்பு இருந்ததில்லை.

கிணறு அவசரப்படாமல்தான் ஏறியது. ஒரு மழைக்காலம் கூடச் சேர்ந்த பிறகு உப்பு குறைந்தது. ஒருநாள் அக்கா போனில், "பாய், பருப்பு வெந்துருச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். என் வீட்டுக்காரியிடம் அதைச் சொன்னபோது, பருப்பு வெந்ததற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று முதலில் கேட்டாள். முழுக்கதையையும் சொன்னதும், எழுந்து போய் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆணம், அதாவது குழம்பு, வைத்தாள். பழைய மட்டத்துக்குக் கிணறு இன்னும் வரவில்லை. உப்புத் தண்ணீர் நின்ற இடத்தில் கிணற்றுச் சுவரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது. குழிக்கு அந்தப் பக்கம் இருந்த கிணறுகளுக்கு இந்தக் குளத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஒன்றிரண்டு தோட்டங்கள் தரிசாகிவிட்டன. அந்தப் பக்கம் போகும்போது நான் வேடிக்கைப் பேச்சை நிறுத்திக்கொள்வேன். ஆனாலும் இந்தப் பக்கம் மல்லிகை பூக்கிறது. காலையில் அந்தத் தோட்டத்தைத் தாண்டிப் போனால் வண்டியின் வேகம் தானாகக் குறையும்.

இவ்வளவுக்கும் ஒரு விஷயம் எனக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு என் கடையில், எல்லாம் புரிந்த அந்த நிமிடத்தில், அக்கா ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை? அவருடைய கிணற்றை வற்ற அடித்ததே நான் பூட்டிய மோட்டார். அதோடு கூட மாலை வேறு வாங்கியிருக்கிறேன். நானாக இருந்தால் அந்த மாலையைத் திருப்பிக் கேட்டிருப்பேன். யோசித்து யோசித்து நானே பதில்களும் தயாரித்து வைத்திருந்தேன். பூமி மாதிரிப் பொறுமை. செடி வளர்ப்பவர்களுக்கே உரிய நிதானம். தம்பி என்று ஒருவனை நினைத்துவிட்டால் அவன் தப்பும் நம் தப்பு என்கிற பெருந்தன்மை. தொழுகை முடிந்து உட்கார்ந்திருக்கும்போதுகூட இந்த நினைப்பு வந்து கண் கலங்கியிருக்கிறது.

சமீபத்தில் ஒரு ஸ்டார்ட்டர் மாற்றுவதற்காக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். தலைமுடி பாதி நரைத்துவிட்டது, விரலின் வேகம் குறையவில்லை. வேலையை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பல நாள் தயாரித்த வசனத்தைத் தழுதழுத்த குரலில் எடுத்துவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு வேற ஒருத்தரா இருந்தா என்னய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க. நீங்க ஒரு சொல்லு சொல்லலையே. அம்புட்டுப் பெரிய மனசு உங்களுக்கு எங்கருந்துக்கா வந்துச்சு?"

அக்கா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். சரத்தைத் தூக்கி நீளம் பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"வேற மெக்கானிக் கெடைக்கல, பாய்."